புடவை இல்லாத நாளில் வந்த பெட்ரோல் வாடை

ஆரணியில் பட்டுப்புடவை நெய்து விற்கும் குடும்பம் எங்களுடையது. தறியில் புடவை மீது எண்ணெய்க் கறை பட்டுவிட்டால், பஞ்சில் பெட்ரோல் தொட்டுத் துடைத்த பிறகுதான் கடைகளுக்குக் காரில் எடுத்துப் போவோம். அதனால் சில நாட்களாகக் காருக்குள் பெட்ரோல் வாடை அடித்தபோது நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எல்லாம் பொடவை வாடைதான். இன்னாத்துக்குப் பேஜார் பண்ற?" என்பார் என் கணவர். நானும் ஒரு வாசனை டப்பாவை வாங்கி ஏசிக்கு முன்னால் மாட்டிவிட்டேன்.

ஆடி வெள்ளியன்று படவேடு கோயிலுக்குப் போனோம். தரிசனம் முடிந்ததும் கார் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் ஏற்றத் தீப்பெட்டியை எடுத்தார் அவர். அப்போது பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. நான் கத்தினேன்.

"ஏங்க, கொளுத்தாதீங்க! இன்னிக்கு வண்டியில ஒரு பொடவைகூட இல்லியே!"

தீக்குச்சியை உரசப் போன கை அப்படியே நின்றது. பானெட்டைத் திறந்து பார்த்தால், இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும் ரப்பர் குழாயில் விரிசல். சொட்டுச் சொட்டாகக் கீழே ஒழுகிக்கொண்டிருந்தது.

போன் செய்ததும் பக்கத்து ஊரான சந்தவாசலில் இருந்து வந்த மெக்கானிக், "நல்ல வேளை, பத்த வெக்கல. இதோடவா ஓட்டிகினு வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே குழாயை மாற்றிக் கொடுத்தார்.

இப்போதெல்லாம் கறை துடைத்த புடவைகளை மாடியில் விரித்துப் போட்டு, வாடை முழுவதும் போன பிறகே காரில் ஏற்றுகிறோம். வாசனை டப்பாவையும் கழற்றி எறிந்துவிட்டேன். இனி காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால், புடவை மேல் பழி போட முடியாது.