சித்தப்பாவின் கல்

சிறுநீர் பரிசோதனைக்குத் தரும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுத்தான் சித்தப்பா தன் கல்லை என்னிடம் கொடுத்தார். கொத்தமல்லி விதை அளவு, பழுப்பு நிறம். பெங்களூரு பொம்மனஹள்ளியில் லேத் மெஷின் முன்னால் நாள் முழுக்க நின்றவர். அடிக்கடி கழிவறைக்குப் போனால் சூப்பர்வைசர் முறைப்பார் என்று தண்ணீரே குடிக்காமல் வளர்த்த கல் அது. சிறுநீரகக் கற்களின் படிகங்கள் எவ்வளவு கெட்டி என்று அளப்பதுதான் அப்போது என் ஆராய்ச்சி. கல்லை மெருகேற்றி, தலைமுடியில் நூறில் ஒரு பங்கு அகலத்துக்கு வைர முனையால் ஒரு கோடு கீறி, அந்தக் கோட்டை அளப்போம். “நாங்க அரம் வச்சுப் பாப்போம், நீ வைரம் வச்சுப் பாக்கறே, அவ்வளவுதானே?” என்று சிரித்தார்.

அந்தக் கல்லை நான் பாழாக்கினேன். அவசரத்தில், கழுவிய கல்லை ஆய்வகத்தின் சூடான மின் அடுப்பில் வைத்து உலர்த்தினேன். படிகத்துக்குள்ளேயே தண்ணீர் கட்டுண்டிருக்கும். சூட்டில் அது வெளியேறிவிட்டால் மிஞ்சுவது வேறு பொருள். கீறிய இடமெல்லாம் பொடிந்தது. இந்த அளவீடு செல்லாது, வேறு கல் கொண்டு வா என்றார் என் வழிகாட்டி. மருத்துவமனைகளோ அனுமதி தராமல் இழுத்தடித்தன. சித்தப்பாவுக்கு இன்னொரு கல் வந்தால் தேவலை என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, வேண்டிக்கொண்டேன். அந்த மாதங்களில் அவர் வீட்டுக்குப் போனபோதெல்லாம் டீ குடித்தோம், கதை பேசினோம். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருந்த டாக்டரின் பேச்சை மட்டும் நான் எடுக்கவே இல்லை.

ஒரு காலையில் சித்தி போன் செய்து, அதே வலி, துடிக்கிறார் என்று அழுதாள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. மருத்துவமனையில் கட்டில் கம்பியைப் பிடித்தபடி சுருண்டு கிடந்தார். இரண்டு நாள் கழித்து, டீ வடிகட்டியில் தானே பிடித்த கல்லை என் கையில் வைத்து, “இதாவது உனக்கு ஆகுமான்னு பாரும்மா” என்றார்.

ஆயிற்று. கோடு சீராக விழுந்தது, பட்டமும் கிடைத்தது. இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் கண்ணாடிப் பூச்சுகளைக் கீறிப் பார்க்கும் வேலை. சித்தப்பா ஓய்வு பெற்றுவிட்டார். எங்கே போனாலும் தண்ணீர் பாட்டிலோடுதான் போகிறார். போன வாரம் பரிசோதனை முடித்த கையோடு எனக்குப் போன் செய்தார்.

“ஸ்கேன்ல ஒண்ணும் இல்லம்மா,” என்றார், நான் வாங்கிவரச் சொன்னதை மறந்துவிட்டு வந்தவரைப் போல.