வைக்கோலைப் பிரித்துப் பார்த்தவள்

உழுது பயிர் வைக்கிறவர்களுக்கு இடுப்பு வலிக்கும். உழாமல் பயிர் வைக்கிறவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். இதைப் படிக்கிறவர்களில் இரண்டாவது ரகம் யாராவது இருந்தால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய மறு வருஷம், நோணாங்குப்பத்தில் உப்பங்கழியை ஒட்டி இருந்த எங்கள் துண்டு நிலத்தை உழுதோம். நாலு நாள் வெயில் அடித்ததும் மண் மேல் வெள்ளையாக உப்புப் பூத்து, விதைத்த கீரை கருகிப்போனது. ஆனால் எங்கள் குப்பைமேட்டில், ஈர வைக்கோலுக்கு அடியில், நான் எப்போதோ தூக்கி எறிந்த உருளைக்கிழங்கு ஒன்று செடியாகி நாலு குட்டி போட்டிருந்தது. மழை உப்பைக் கழுவிவிட்டுப் போன கையோடு, கலப்பையே வைக்காமல், கிழங்கைத் தரையில் வைத்து வைக்கோலால் மூடிவிட்டால் என்ன? வெயில் படாத மண்ணில் உப்பு மேலே ஏறாதே!

வைக்கோலுக்கு எங்கே போவது? பசுவுக்கு வைத்திருந்த போரில் பாதியை எடுத்தேன். கிழங்கை விற்று வைக்கோல் வாங்க முடியாவிட்டால் கோடையில் பசுவை விற்றுவிட வேண்டியதுதான் என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்தப் பசுவின் பாலைத்தான் என் ஒன்றரை வயது மகள் குடித்துக்கொண்டிருந்தாள்.

விதை

டவுனுக்குப் போய் பெரிய மார்க்கெட்டில் கிழங்குக் கடைக்காரரிடம், "முளை விட்டதாப் பொறுக்கிக் குடுங்க" என்றேன். எல்லாரும் ஒதுக்கித் தள்ளுவதைக் கேட்டு வாங்குகிறாளே என்று அவருக்கு ஆச்சரியம். விஷயத்தைச் சொன்னேன். என் முகத்தையும் இடுப்பில் இருந்த குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். இரக்கப்பட்டு இரண்டு கை அதிகமாக அள்ளிப் போட்டார்.

"வைக்கோல்ல வச்சா மாங்கா பழுக்கும்மா. உருளைக்கெழங்கு இன்னா பண்ணும்னு எனக்கும் வந்து சொல்லு."

பங்கு

கார்த்திகைக் கடைசியில் நட்டு, வைக்கோலும் சவுக்குச் சருகுமாக முழங்கால் உயரத்துக்கு மூடினேன். மூன்றாம் நாளே பசு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, ஒரு மூலையை மேய்ந்துவிட்டது. பதறிப்போய் விரட்டினேன். கிழங்குக்கு மேல் இருக்கவேண்டிய வைக்கோல் அதன் வாயில் தொங்கியது. ஆலை வேலை முடிந்து வந்த வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் சைக்கிளைக்கூட நிறுத்தாமல் சிரித்தார்.

"நீ திருடுனத அது திருப்பி எடுத்துக்குது. அதுல இன்னா தப்பு?"

போகி

செடிகள் வைக்கோலைத் துளைத்துக்கொண்டு தலை காட்டியிருந்தன. போகியன்று விடியும்போது வாசலில் பழைய பாய், துடைப்பம் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. மாமியார் மார்போடு அணைத்து ஏதோ கொண்டு வந்தார். பார்த்தால் கிழங்குக்கு நான் போர்த்திய மூடாக்கு! மழையில் நனைந்து கறுத்த வைக்கோல். அவர் கண்ணுக்கு அது கழித்த பொருள். குழந்தையைக் கீழே விட்டுவிட்டு ஓடினேன். கையிலிருந்து பிடுங்கி, திரும்பக் கொண்டுபோய்ப் போர்த்திய பிறகுதான் மூச்சு வந்தது.

"பழசக் கொளுத்தற நாள்ல பழசப் பொத்திப் பொத்தி வைக்கிறவ ஊருக்கே நீ ஒருத்திதாண்டி!"

தினம் இரண்டு பார்வை

தோண்டாமல் பயிர் வைப்பதில் ஒரு ஆபத்து உண்டு. கை நீட்டினால் போதும், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். வயலில் உழுது நடுகிறவர்களுக்கு இந்தச் சபலமே கிடையாது. தை மாதம் முழுக்க நான் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஓரத்து வைக்கோலை விலக்கிப் பார்த்தேன். எலுமிச்சை அளவு கிழங்கு! அந்தச் சந்தோஷத்தில் சரியாக மூடாமலே வந்துவிடுவேன். தை முடிவதற்குள் ஓரத்துக் கிழங்கெல்லாம் வெளிச்சம் பட்டுப் பச்சையாகிவிட்டது. ஒன்றை வேகவைத்துக் கடித்தேன். நாக்கு கசந்து எரிந்தது. பச்சைக் கிழங்கை யார் வாங்குவார்கள்? பசு கத்தும்போதெல்லாம் விடைபெற்றுக்கொள்கிற மாதிரியே இருந்தது.

வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"புள்ள நல்லா தூங்குதான்னு எழுப்பி எழுப்பிப் பாத்தா அது எப்டிம்மா தூங்கும்?"

பிரித்த நாள்

மாசியில் செடி பழுத்துச் சாய்ந்தது. மாமியார் எதிரில் நின்றார். பக்கத்து நிலத்துக்காரர் கோவிந்தசாமி மாமாவும் வேடிக்கை பார்க்க வந்தார். சம்பா அறுத்து மலைபோல் வைக்கோல் போர் போட்டிருந்தவர். ஓரத்தை விலக்கினேன்: பச்சை. அடுத்த வரிசையும் பச்சை. மாமியார் பசு கட்டியிருந்த பக்கம் திரும்பினார். என் கை எட்டாத நடுப்பகுதிக்குள் இறங்கி இரண்டு கையாலும் அணைத்து வைக்கோலைத் தூக்கினேன்.

மண் ஒட்டாமல், கோழி முட்டையிட்ட மாதிரி கும்பல் கும்பலாகக் கிடந்தது கிழங்கு. மண்வெட்டி வேண்டியிருக்கவில்லை, கூடையில் பொறுக்கிப் போட்டோம். பச்சையை விதைக்கு ஒதுக்கினேன். மாமா வீட்டுக்கு ஊரிலிருந்து மருமகள் வந்திருந்தாள்; அவளுக்கு ஆக்கிப்போட அவருக்குக் கிழங்கு வேண்டியிருந்தது. மூன்று கூடை கொடுத்தால் ஒரு வண்டி வைக்கோல் தருவதாக அவரே சொன்னார். மாமியார் வாய் திறப்பதற்குள் நான் தலையாட்டிவிட்டேன். மாமா விரலை நீட்டினார்.

"ஆனா ஒண்ணு, மாட்டுக்குத்தான் போடுவேன்னு புள்ள மேல கை வச்சி சத்தியம் பண்ணும்மா!"

சத்தியம் பண்ணிவிட்டேன்; அன்றிலிருந்து பசு ஒவ்வொரு வாய் வைக்கோல் தின்னும்போதும், அடுத்த கார்த்திகையில் கிழங்கை மூட மிச்சம் வைக்குமா என்று அதன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.