பிரசவ வார்டுக்கு ஒரு வரி

சான்றக்காவிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் இந்த ஊரில் குறைவு. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவளுக்கு. கல் சுழலும், மேலிருந்து தண்ணீர் சொட்டும், வெள்ளைச் சேறு முழங்கைவரை தெறிக்கும். லென்ஸை ஃபிரேமின் அளவுக்கு இம்மி இம்மியாகத் தேய்த்துக்கொண்டே காதை மட்டும் முன்கடையில் விட்டுவைத்திருப்பாள். "எங்க தெரு பைப்புதாங்க ஊர்லயே பழசு" என்று ஒரு மனிதர் அங்கே சும்மா சொல்லிவிட முடியாது. உள்ளேயிருந்து குரல் வரும்: "சான்று இருக்கா?" கண்ணாடி வாங்க வந்தவர் எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொள்வார். கடை முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் இப்போது யாருக்கும் ஞாபகமில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்தது இணையக் கலைக்களஞ்சியத்தால். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்கிற அந்தக் களஞ்சியத்தில் ஒருநாள் தன் ஊரைத் தேடிப் பார்த்தாள். மொத்தமே மூன்று வரி. அதிலும் ஊருக்கு வடக்கே ஓடுகிற ஆற்றை ஒரு புண்ணியவான் தெற்கே ஓடவிட்டிருந்தான். "எவன்டா இவன், ஆத்தையே தூக்கிட்டுப் போனவன்" என்று பொங்கியவள், மதியச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் அந்தத் தளத்தில் ஒரு கணக்கைத் தொடங்கி ஆற்றை அதன் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

அதோடு விட்டாளா? தண்ணீர்த் தொட்டி, பேருந்து நிலையம், மூடிக்கிடக்கிற பாட்டில் தொழிற்சாலை என்று ஒவ்வொன்றாக ஏற்றினாள். நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டித் தும்மித் தும்மி, ஒவ்வொரு வரிக்கும் அச்சில் வந்த சான்று ஒன்றைக் கண்டுபிடித்துக் கட்டுரைக்கு அடியில் போட்டாள். அச்சில் வராதது உள்ளே வரக்கூடாது. அது களஞ்சியத்தின் சட்டம். அதைவிட அவளுடைய சட்டம். பேக்கரிக்காரர் தன் கடையை 'உலகப் புகழ்பெற்ற' என்று எழுதிவைத்தார், மறுநாள் காணோம். டியூஷன் வாத்தியார் 'ஊரின் சிறப்புமிக்கவர்கள்' என்று ஒரு தலைப்புப் போட்டு அதில் தன் பெயரை மட்டும் எழுதினார்; அதுவும் அம்பேல். பாதி ஊர் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மீதிப் பாதிக்கு இணையம் சரியாக வராது.

ஒரே ஒரு விஷயத்தில் அவள் சட்டம் அவளையே கடித்தது. ஊர் மருத்துவமனை தொடங்கியது அவள் அம்மாவின் வீட்டு முன்னறையில். அம்மா பிரசவம் பார்க்கிற நர்ஸ். இரண்டு கட்டில், ஒரு ஸ்டவ், எப்போதும் கொதிக்கிற வெந்நீர், அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. அவளும் அண்ணனும் சமையலறைத் தரையில் படுத்து, முன்னறையில் யாராவது ஒருத்தி அலறுவதைக் கேட்டே வளர்ந்தார்கள். கூட்டம் தாங்காமல் போன பிறகுதான் பக்கத்தில் கட்டடம் எழும்பியது, டாக்டர் வந்தார். திறப்பு விழாச் செய்தியில் டாக்டர் பெயர் இருக்கிறது. கூரைக்கு நாலு மரச்சட்டம் கொடுத்த மரக்கடைக்காரர் பெயர்கூட இருக்கிறது. அம்மாவின் பெயர் இல்லை. சான்றக்கா அம்மாவைப் பற்றி ஒரு வரி எழுதினாள். எங்கேயோ உட்கார்ந்திருக்கிற களஞ்சிய நிர்வாகி ஒருவர் அதை நீக்கிவிட்டு, "சான்று இல்லை. மேலும், சொந்தத் தாயைப் பற்றி நீங்கள் எழுதுவது முறையல்ல" என்று குறித்துவைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். அவள் ஊரைப் பார்த்துக் கேட்ட கேள்விதானே அது?

அண்ணன் நகராட்சி உறுப்பினர். அந்த மரக்கடைக்காரரின் மகளைத்தான் கட்டியிருந்தான். ஒருநாள் கட்டுரையில் புதிதாக ஒரு வரி முளைத்தது: 'நகர மருத்துவமனையைத் தொடங்கியவர் மரக்கடை அதிபர்.' யார் எழுதியது என்று பார்க்கவே வேண்டியதில்லை. நீக்கினாள். மறுபடி வந்தது, மறுபடி நீக்கினாள். கொஞ்ச காலம் கழித்து அதே வரி அடியில் சான்றோடு வந்து உட்கார்ந்தது. நகராட்சி வெளியிட்ட சிறப்பு மலராம். மலரைத் தயாரித்த குழுவுக்குத் தலைவர் அண்ணன். மலருக்கு எழுதியவர் எதைப் பார்த்து எழுதினார்? அந்த வரி கட்டுரையில் இருந்த ஒருநாளில் கட்டுரையைப் பார்த்துத்தான். களஞ்சியத்திலிருந்து கிளம்பிய பொய், மலரில் ஏறி, சான்று என்ற பெயரில் களஞ்சியத்துக்கே திரும்பி வந்துவிட்டது. அடேயப்பா, என்ன மூளை!

அண்ணனுக்குப் போனைப் போட்டாள். "உனக்கு வெக்கமா இல்ல? நீயும் அந்த சமையல்கட்டுலதானே படுத்துக் கெடந்த?"

"இப்ப என்னம்மா குடி முழுகிப் போச்சு? புதுசா பிரசவ வார்டு தொறக்கறோம். வாசல் சுவத்துல ஆஸ்பத்திரி வரலாறு ஒரு வரி வரணும்னாங்க. ஆபீஸ் கிளார்க் உன் கட்டுரையப் பாத்துதான் எழுதப் போறாரு. உனக்குப் பெருமைதானே?"

"அந்த எடத்துல அம்மா பேருதான் வரணும்."

"சான்று இருக்கா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் சிரித்தான்.

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்றைக்கு யாரோ ஒருவரின் இடக்கண் லென்ஸ் வீணாய்ப் போனது. கையோடு நிர்வாகியிடம் முறையிட்டாள். மலரை நம்ப முடியாதென்றால் வேறு அச்சுச் சான்று கொண்டுவாருங்கள் என்று பதில் வந்தது. கொண்டுவராமல் விடுவதில்லை என்று ஒற்றைக் காலில் நின்றாள். வார்டு திறப்பதற்குள் அந்த வரி மாறியாக வேண்டும். மாறாவிட்டால் அம்மா தூக்கம் கெட்டுப் பார்த்த அத்தனை பிரசவமும் மரக்கடைக்காரர் கணக்கில் சுவரேறிவிடும்.

ஊரில் ஒரு வார இதழ் உண்டு. அதன் நிருபர் ஒரு பெண்; கண்ணாடி மாற்றக் கடைக்கு வருகிறவள். அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மாவப் பேட்டி எடுங்க. ஆஸ்பத்திரி எப்படி ஆரம்பிச்சதுன்னு அவங்களையே கேளுங்க. எப்படிக் கேக்கணும்னு நான் சொல்ல மாட்டேன்."

"நீங்களும் கூட வாங்களேன்க்கா. அவங்களுக்கும் தைரியமா இருக்குமில்ல?"

"நான் வந்தா நான் சொல்லிக்கொடுத்துப் பேசின மாதிரி ஆயிடும். சான்று கெட்டுப்போயிடும்."

அம்மாவிடமும் மூச்சு விடவில்லை. வேறு எந்த மகளாக இருந்தாலும் முன்கூட்டியே ஓடிப்போய், இப்படிச் சொல்லு, அதைச் சொல்லாதே என்று பாடம் நடத்தியிருப்பாள். இவள் சுத்தம் பார்த்தாள். அதுமட்டுமா, வரும் இதழில் நேர்சாட்சியின் பேட்டி வருகிறது, அதன்படியே கட்டுரையைத் திருத்துகிறேன் என்று கட்டுரையோடு ஒட்டிய உரையாடல் பக்கத்தில் நிர்வாகிக்கு வாக்கும் கொடுத்தாள். அம்மா இருப்பது அண்ணன் வீட்டில் என்பது மட்டும் அந்தப் புத்திசாலிக்கு உறைக்கவில்லை.

இதழ் வந்தது. முதலாளி அதைப் பிரித்து மேசைமேல் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார். படத்தில் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் நாற்காலியைப் பிடித்தபடி அண்ணி. கீழே அம்மா சொன்னது: "ஆஸ்பத்திரியத் தொடங்கினது எங்க சம்பந்திதாங்க. நான் அங்க கூடமாட வேலை பாத்தேன், அவ்வளவுதான்."

ஈர ஏப்ரனோடு அப்படியே நடந்தாள். அண்ணி கதவைப் பாதிதான் திறந்தாள். "அத்தை இப்பதான் கண்ணசந்தாங்க."

"எழுப்பிக்கறேன். தள்ளுங்க அண்ணி."

அம்மா தூங்கவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா அப்படிச் சொன்ன? உன் வீடு, உன் கட்டிலு, உன் கை! மொத்தத்தையும் தூக்கி அந்தாளுக்குக் கொடுத்துட்டியே!"

"கத்தாதடி. அவ காதுல விழும்."

"விழட்டும்!"

"உனக்கென்ன, கத்திட்டு உன் ரூமுக்குப் போயிடுவ. நான் எங்க போறது?"

"வா, என்கிட்ட வந்துடு."

"இன்னைக்குக் கூப்பிடற. இத்தன வருஷத்துல ஒரு தடவ கூப்பிட்டியா?"

"கடை மாடிம்மா. படி செங்குத்தா இருக்கும், உன்னால ஏற முடியாது."

"கூப்பிட்டிருந்தா ஏறிப் பாத்திருப்பேன்ல?" அம்மா போர்வையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "திடுதிப்புனு ஒரு பொண்ணு வந்து எதிர்ல உக்காந்து கேக்குது. உங்க அண்ணி பின்னாலேயே நிக்கறா. நீ வந்திருந்தா உன் மொகத்தப் பாத்துட்டே சொல்லியிருப்பேன்டி. வாசலையே பாத்துட்டுதான் இருந்தேன்."

ஊரையே வாயால் ஓட ஓட விரட்டியவளுக்கு வலித்தது, அம்மாமேல் கோபமாகவும் வந்தது, எதை முதலில் படுவது என்று தெரியாமல் வெளியே வந்தாள். ஹாலில் அண்ணன் அதே பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"போட்டுடு. இப்ப சான்று இருக்கு" என்றான்.

"போடறேன். போட்டுட்டு உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்றாள்.

கடைக்குத் திரும்பிக் கணினியைத் திறந்தாள். "பேட்டி வந்துவிட்டதா?" என்று நிர்வாகி கேட்டிருந்தார். பொய் என்று அவளுக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்பது சான்று இல்லை என்று பேக்கரிக்காரரிடமும் வாத்தியாரிடமும் மல்லுக்கட்டியவள் அவள்தான். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் நாலு வசை வைதாவது ஆறியிருப்பாள். மரக்கடைக்காரர் வரியை அப்படியே விட்டு, அதற்கு அடியில் பேட்டியைச் சேர்த்தாள்: சொன்னவர் பெயர், இதழ், தேதி. சேமித்தாள்.

சாயங்காலம் அண்ணியின் எண்ணிலிருந்து போன் வந்தது. அம்மா குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"போட்டுட்டியாமே?"

"போட்டேன்."

"என் பேரு அதுல எங்கயாவது வருதாடி?"

"வருது. கடைசியில, பொடி எழுத்துல. இதையெல்லாம் சொன்னது நீதான்னு."

"அப்ப சுவத்துலயும் வருமா?"

"வராதும்மா" என்றாள் சான்றக்கா. "சுவத்துல அடிக்குறிப்பு எழுத மாட்டாங்க."