முதல் இடிக்கு முன் ஒரு ஸ்கேன்

இலங்கையில், கண்டிக்குப் பக்கத்திலுள்ள இந்த அக்குறணையில் முதல் இடி கேட்டதும் வீடுகளில் பிளக்குகள் கழன்றுவிடும். டிவி, ஃப்ரிட்ஜ், வைஃபை ரவுட்டர், எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். நம் திருச்சியில் இடித்தால் மாடிக்கு ஓடித் துணி எடுப்போம், அவ்வளவுதான். கண்டிக்காரரைக் கல்யாணம் செய்து இங்கே வந்த புதிதில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

இப்போது சிரிப்பு வருவதில்லை. விசா நீட்டிப்புக்கு நான் அனுப்பிய ஆவணங்கள் திரும்பி வந்தன. போனில் எடுத்த படங்களில் நிழலாம். வெள்ளிக்கிழமைக்குள் ஸ்கேன் செய்து அனுப்பாவிட்டால் நான் நாட்டை விட்டுப் போகவேண்டும். மகளோ இந்த நாட்டுப் பிள்ளை. கணவருக்குக் கொழும்பில் வேலை. காய்ச்சல்காரக் குழந்தையோடு எந்தக் கடைக்குப் போவேன்? திருச்சியில் எதிர்வீடே ஜெராக்ஸ் கடை. அப்பா பனியனோடு போய் நகல் எடுத்து வருவார்.

பிரிண்டர் கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"மலிவா, ஸ்கேனரோட ஒண்ணு வேணுங்க."

"கார்ட்ரிஜ் போடுறது வெல கொறவு, ஆனா மை வாங்கியே காசு போகும். டேங்க் உள்ளத எடுங்க. வயர்லெஸ்ஸா?"

"ஆமாங்க. பாப்பா வயரை இழுப்பா."

"சரி, ஒரு வயரும் சேத்து அனுப்பவா? இடி நேரம் ஒதவும்."

வயர்லெஸ்ஸுக்கு எதற்கு வயர்? என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து மறுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் குழந்தை தூங்கியதும் திருமணச் சான்றிதழைப் புதுப் பிரிண்டரின் கண்ணாடியில் வைத்தேன். மலைக்குப் பின்னால் இடித்தது. ரவுட்டர் கீழே வீட்டுக்கார ஆன்ட்டியிடம்; அவர் உடனே பிளக்கைக் கழற்றிவிட்டார். பிரிண்டர் வைஃபையைத் தேடி மினுக்கியது. வைஃபை இல்லாதபோது லேப்டாப்போடு இணைக்கத்தான் கடைக்காரர் வயர் தரப் பார்த்தார் என்று அப்போதுதான் புரிந்தது. கீழே ஓடினேன்.

"ஆன்ட்டி, கொஞ்ச நேரம் போடுங்க!"

"பைத்தியமா மகள்? மின்னல் பாஞ்சிதான் எங்கட பழைய ஃப்ரிட்ஜ் பத்திப்போச்சி!"

"இன்னைக்கு அனுப்பலைன்னா என்னை ஊருக்கு அனுப்பிடுவாங்க ஆன்ட்டி. பாப்பா..."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிளக்கைச் செருகி அதைப் பிடித்துக்கொண்டார். "ஓடுங்க. பெரிசா இடிச்சா இழுத்துருவேன், பொறகு அழப்படாது."

ஸ்கேனரின் வெளிச்சம் அவசரமில்லாமல் நகர்ந்தது. குழந்தை விழித்து அழுதாள். வயரை வாங்கியிருக்கலாம். முந்தின நாளே செய்திருக்கலாம். இந்த நாட்டுக்கே வராமல் இருந்திருக்கலாமோ? மகளின் பிறப்புச் சான்றிதழ், கடைசியாக என் பாஸ்போர்ட். மின்னஞ்சல் போய்விட்டது என்று திரை காட்டியதும் ஜன்னல் அதிர இடித்தது. வைஃபை செத்தது.

பதில் இன்னும் வரவில்லை. இன்று அம்மா திருச்சியிலிருந்து கூப்பிட்டாள். "இங்க நல்ல இடிடி, காதுல விழுதா?"

"டிவி பிளக்கைக் கழட்டும்மா! முதல்ல கழட்டு!"

அம்மா சிரித்தாள். "இது எந்த ஊர்ப் பழக்கம்டி?"

இங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் பிரிண்டரின் பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்தேன்.