பதிமூன்றாம் சேனல்

எங்கள் வீட்டு வைஃபை எனக்கு மட்டும் காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் மடிக்கணினியைத் திறந்தபோது திரையின் மூலையில் இருக்கும் நெட் குறியின் மேல் பெருக்கல் அடையாளம் விழுந்திருந்தது. அழுத்திப் பார்த்தேன். அக்கம்பக்கத்து வீடுகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரருடையது, பின்தெரு டியூஷன் சென்டருடையது, யாரோ 'கோழிக்குஞ்சு' என்று பெயர் வைத்திருந்த ஒன்று. எங்கள் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை.

பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் அப்பா கட்டிய வீட்டின் மாடியில் நான் தனியாக இருக்கிறேன். கீழே அண்ணன், மைனி, அவர்களுடைய மகன். மாடிக்கு வெளியிலிருந்து படி இருப்பதால், நினைத்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே நாட்களை ஓட்டலாம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாற்பத்து நான்கு வயதில் அதைப் பற்றி யாரும் கேட்பதும் இல்லை. வெளிநாட்டு மருத்துவர்கள் பேசிப் பதிந்து அனுப்பும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை. ஒரு நாளில் ஏழெட்டுப் பேர் என் காதுக்குள் பேசுவார்கள். யாரோ ஒருவருடைய கணையம், யாரோ ஒருவருடைய முழங்கால். அவர்களில் ஒருவரும் என்னிடம் பேசுவதில்லை.

மடிக்கணினி பழையது, இன்னொருவர் கையிலிருந்து வாங்கியது. அதில் விண்டோஸை எடுத்துவிட்டு நானே லினக்ஸ் போட்டுக்கொண்டேன். இணையத்தில் படித்துப் படித்து, இரண்டு தடவை எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மூன்றாவது தடவை சரியாக வந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஆனால் ஒரு பழுது என்றால் ஊரில் கேட்க ஆளில்லை. கடைக்குக் கொண்டுபோனால், "இதெல்லாம் எடுத்துக் களஞ்சிட்டு விண்டோஸ் போட்டுத் தாறேன்" என்பார்கள். எனவே பழுது வரும் நாளில் நானும் திரையும் மட்டும்தான்.

அந்தச் செவ்வாய்க்கு இரண்டு நாள் முன்னால் அண்ணன் மேலே ஏறி வந்திருந்தான். அவன் மாடிக்கு வருவது அபூர்வம். நாற்காலியில் உட்காராமல் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்தபடி பேசினான்.

"பயலுக்கு ஒரு இடம் அமைஞ்சிருக்கு. கல்யாணம் ஆனா அவனுக்கு இருக்க ஒரு இடம் வேணும்லா."

"ம்."

"கீழ பின்னறை சும்மாத்தான கெடக்கு. ஒனக்கு ஒருத்திக்கு அது போதும்லா. யோசிச்சுச் சொல்லு மக்கா. அவசரமில்ல."

அவன் இறங்கிப் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். மறுநாள் முழுக்க வேலை விஷயமாக நாகர்கோவிலில் அலைந்துவிட்டு இருட்டும் நேரத்தில் திரும்பினேன். அதற்கு மறுநாள் காலையில் வைஃபை இல்லை.

முதலில் நான் எந்திரத்தைத்தான் சந்தேகப்பட்டேன். வயர்லெஸ் தவறுதலாக அணைந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருள் சரியாக ஏறியிருந்தது. முந்தின வாரம் ஒரு அப்டேட் வந்திருந்ததால், லினக்ஸின் மையமான கெர்னலின் முந்தைய பதிப்பில் கணினியைத் திறந்து பார்த்தேன். அதே கதை. கணினி எழுதி வைக்கும் பதிவுகளை வரி வரியாகப் படித்தேன். எதிலும் குறை இல்லை. எல்லோருடைய வைஃபையும் தெரிகிறது, எங்களுடையது தெரியவில்லை, அவ்வளவுதான்.

கைபேசியில் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் விஷயம் தெரிந்திருக்கும். என் கைபேசியில் வைஃபை செத்து ஒரு வருஷமாகிறது. மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று தள்ளிப் போட்டது. அதைக் கேபிள் வழியாகக் கணினியோடு இணைத்து, சிம் டேட்டாவில் வேலையை ஓட்டினேன். மத்தியானத்துக்குள் டேட்டா தீர்ந்துவிடும். பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கீழே இருந்து அண்ணன் மகன் பார்க்கும் வீடியோக்களின் சிரிப்புச் சத்தம் ஏறி வரும். அவர்களுக்கு நெட் இருக்கிறது.

நான்காம் நாள் பஸ் ஏறி நாகர்கோவில் வடசேரிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் ஒரு கடையில், கணினியில் செருகும் வைஃபை டாங்கிள் கேட்டேன். விரல்நுனி அளவுள்ளது.

கடைக்காரர் பெட்டியைப் பிரிக்காமலே கையில் வைத்துக்கொண்டு, "லினக்ஸா? அதுல எடுக்குமாண்ணு எனக்குத் தெரியாது கேட்டியளா. எடுக்கலேண்ணு திருப்பிக் கொண்டு வரப்பிடாது" என்றார்.

எடுத்தது. வீட்டுக்கு வந்து செருகியதும் பச்சை விளக்கு சிமிட்டியது. கணினிக்குள் இருக்கும் பழைய வைஃபை கார்டு காட்டாத தூரத்து வீடுகள்கூடப் பட்டியலில் வந்தன. எங்கள் வீடு வரவில்லை.

அப்போதுதான் எனக்குள் அந்த எண்ணம் கெட்டியாக உட்கார்ந்தது. ஒரு கார்டு பழுதாகலாம். இரண்டும் ஒரே மாதிரி, ஒரே வீட்டை மட்டும் விட்டுவிடுமா? அப்படியானால் குறை கணினியில் இல்லை. பெயரை மாற்றியிருக்கிறார்கள், அல்லது மறைத்து வைத்திருக்கிறார்கள். மாடியைக் காலி செய் என்று வாயால் சொன்னது போதாமல் இப்படியும் சொல்கிறார்கள். மறைத்து வைத்த இணைப்பில் சேரும் வழியும் எனக்குத் தெரியும். பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. பெயரையும் மாற்றிவிட்டார்கள் என்று முடிவு செய்துகொண்டேன்.

படியிறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம். பதினாறு படிதான். 'நெட் வரவில்லை' என்றால், 'மாடி விஷயம் என்ன யோசித்தாய்' என்று பதிலுக்கு வரும் என்று பயந்தேன். அதைவிடப் பெரிய பயம், அவர்கள் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பது. சொல்லாத வரைக்கும் நான் அந்த வீட்டுக்காரிதான். துணி காயப்போட மைனி வெளியே வரும் நேரத்தில் நான் ஜன்னலை விட்டு விலகி நின்றேன். அண்ணனின் பைக் கிளம்பிய பிறகே பால் வாங்க இறங்கினேன். ஒரு நாள், இரண்டு நாள் என்று பத்து நாள் ஆனது. யாரும் மேலே வரவில்லை. என்ன ஏது என்று ஒரு குரல்கூட இல்லை.

வருஷக்கணக்காக நான் படிக்க மட்டும் செய்திருந்த ஒரு லினக்ஸ் இணைய மன்றத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு கேள்வி எழுதினேன். செய்து பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில், 'வீட்டில் உள்ளவர்கள் என்னை மட்டும் வேண்டுமென்றே தடுத்திருக்க முடியுமா?' என்று கேட்டேன். எழுதியபோது விரல் கூசியது.

மறுநாள் காலையில் முகம் தெரியாத ஒருவர் மறுமொழி இட்டிருந்தார். "தடுத்திருந்தால் பெயர் தெரியும், சேர மட்டும்தான் முடியாது. பெயரே தெரியாததற்குக் காரணம் அநேகமாக வேறு. உங்கள் கணினி எந்த நாட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்று அதனிடமே கேட்டுப் பாருங்கள்." கேட்பதற்கான சின்னக் கட்டளையையும் கீழே கொடுத்திருந்தார்.

கேட்டேன். அமெரிக்கா என்றது.

வைஃபை ஓடும் அலைக்குச் சேனல் என்று எண்கள் உண்டு. எந்தெந்தச் சேனலைத் தொடலாம் என்று நாட்டுக்கு நாடு விதி. அமெரிக்கா என்றால் கணினி பதினொன்றோடு நின்றுவிடும். நம் நாட்டில் பதிமூன்று வரை போகலாம். எங்கள் வீட்டு வைஃபை பெட்டி பதிமூன்றில் ஓடிக்கொண்டிருந்தால், அமெரிக்காவில் இருப்பதாக நினைக்கும் கணினி அந்தப் பக்கம் காதையே கொடுக்காது. எத்தனை கார்டு மாற்றினாலும் அப்படித்தான்.

அதை அமெரிக்கா ஆக்கியது நான்தான். லினக்ஸ் போட்ட புதிதில் சிக்னல் மந்தமாக இருந்தது. நாட்டை மாற்றினால் வேகம் கூடும் என்று எங்கோ படித்து, அந்த வரியை அப்படியே ஒட்டியிருக்கிறேன். அமைப்புக் கோப்பில் அது அப்படியே இருந்தது. நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்தை இந்தியா என்று மாற்றி, கணினியை அணைத்துத் திறந்தேன். எங்கள் வீட்டின் பெயர் பட்டியலின் உச்சியில் வந்து நின்றது. பழைய பெயர், பழைய கடவுச்சொல். நான் எதையும் அழுத்துவதற்கு முன்பே இணைந்துவிட்டது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். நான் வெறுமனே திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பதினோரு நாளாக ஒருவரும் எனக்கு எதிராக ஒன்றும் செய்யவில்லை. மனசுக்குள் நான் அவர்களோடு எத்தனை சண்டை போட்டிருந்தேன்!

அமெரிக்கா என்று வைத்த பிறகும் இவ்வளவு காலம் ஓடியதென்றால், பெட்டிதான் மாறியிருக்க வேண்டும். கீழே இறங்கினேன். மைனி அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"மைனி, நம்ம நெட்டுப் பெட்டிய மாத்தினீங்களா?"

"பழசு இடி விழுந்துல்லா போச்சு. நீ நாகர்கோவில் போன அண்ணைக்கு அந்த கேபிள்காரன் வந்து புதுசு வச்சான். பேரும் பாஸ்வேர்டும் மாத்தண்டாம், மாடியிலயும் ஆளு இருக்குண்ணு ஒங்க அண்ணன் சொன்னாவ. ஏன், ஒனக்குக் கெடைக்கலியா?"

"இப்ப கெடைக்கு."

"எத்தன நாளா கெடைக்கல?"

சொன்னேன். மைனி துருவலைத் தள்ளி வைத்தாள்.

"ஒரு வாக்கு சொல்லப்பிடாதா? மாடியக் கேட்டதுல நீ கோவமா இருக்கேண்ணு நாங்க நெனச்சோம். அவ எறங்கி வரட்டும், நாம போய்த் தொந்தரவு பண்ணண்டாம்ணு ஒங்க அண்ணன் சொல்லிட்டாவ. நீ ஜன்னல விட்டு மாறுகதையும் நான் பாத்தேன்."

"கோவம் ஒண்ணும் இல்ல மைனி."

"செரி" என்றாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். நின்றுகொண்டே குடித்துவிட்டு மேலே வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து நானே பின்னறைக்கு மாறிக்கொண்டேன். அதற்குள் யாரும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மேசையை இறக்கித் தந்தான், அவன் மகன் புத்தகங்களை. மறுநாள் மத்தியானம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு இருதய அறுவைச் சிகிச்சைக் குறிப்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். மைனி கதவைத் திறந்து ஒரு தட்டோடு வந்தாள். நான் யாரோடோ பேசிக்கொண்டிருப்பதாக நினைத்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, தட்டைச் சத்தமில்லாமல் மேசை ஓரத்தில் வைத்தாள். பேச்சொன்றும் இல்லை மைனி, இது வெறும் பதிவுதான் என்று சொல்ல ஹெட்போனைக் கழற்றினேன். அதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். தட்டில் நேந்திரம்பழத்தில் போட்ட பழபஜ்ஜி இரண்டு, சூடாக.