அயர்லாந்தில் கடிகாரத்தை மாற்றுகிறார்கள்

நான் அயர்லாந்து நாவல்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவள். தருமபுரியில் அதைப் பற்றிப் பேச ஆள் கிடையாது. கல்லூரியில் சக ஆசிரியர்கள் நல்லவர்கள்தான். பதவி உயர்வு, பிள்ளைகளின் நீட் தேர்வு என்று எதைப் பற்றியும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். பாலக்கோட்டில் நான் குடியிருக்கும் தெருவில் பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை கேட்டார்: "அந்த ஊருக்காரங்க கதைய இங்க யாருங்க மேடம் படிக்கறாங்க?" நான்தான் என்றேன். பாவம் பார்த்து ஒரு பை தக்காளி கொடுத்துவிட்டுப் போனார்.

அதனால், அயர்லாந்திலிருந்து ஒரு பல்கலைக்கழகம் தன் கருத்தரங்கில் இணையவழியாகப் பேச அழைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பேச்சு முடிந்ததும் கேள்விகளுக்கு நேரம் உண்டு என்று எழுதியிருந்தார்கள். கேள்விகள்! "இது பரீட்சைக்கு வருமா மேடம்?" என்பதைத் தவிர என்னிடம் யார் என்ன கேட்டார்கள்?

அவர்களுக்குக் காலை பதினொரு மணி. ஐந்தரை மணி நேரம் கூட்டினேன், நமக்கு மாலை நாலரை. அது ஏப்ரல் முதல் வாரம். வீட்டில் இருந்தால் தக்காளி மண்டிக்குப் போகும் வண்டிகளின் ஹாரன் என்பதால், வகுப்புகள் முடிந்த பிறகும் துறை அறையிலேயே தங்கினேன். பட்டுப்புடவை கட்டியிருந்தேன், சிரிக்காதீர்கள். மைக்கில் சத்தம் கேட்குமே என்று ஃபேனையும் நிறுத்திவிட்டு வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தேன். பூட்ட வந்த அட்டெண்டர் எட்டிப் பார்த்தார்.

"வூட்டுக்குக் கெளம்பலீங்களா மேடம்?"

"வெளிநாட்டுக்காரங்ககிட்ட பேசணுங்க."

"பேசுங்க, பேசுங்க. நான் வெளிய இருக்கறங்க."

நாலரைக்கு இணைப்பைத் திறந்தேன். திரையில் ஓர் இளம்பெண் மட்டும் மேசையிலிருந்த காபிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறிப்போய் அருகே வந்தாள். அமர்வு முடிந்துவிட்டதாம். எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்களாம். கோடைக்காகப் போன ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்களாம். நம் நேரப்படி மூன்றரைக்கே நான் வந்திருக்க வேண்டும்.

அந்த நாட்டுப் பஞ்சம் எனக்குத் தெரியும். கப்பலேறிப் போனவர்களின் கண்ணீர் தெரியும். அங்கே எத்தனை விதமாக மழை பெய்யும் என்று வகுப்பில் கதை கதையாகச் சொல்வேன். அங்குள்ள பள்ளிக் குழந்தைக்குத் தெரிந்த இது எனக்குத் தெரியவில்லை. பாதி ஆயுளை அந்த நாட்டிலேயே கழித்தவள் போலப் பேசிவந்தேன், வெட்கமாக இருந்தது.

"உங்களுக்காக ரொம்ப நேரம் காத்திருந்தார்கள். இரண்டு பேர் உங்களிடம் கேட்கக் கேள்விகளோடு வந்திருந்தார்கள்" என்றாள் அந்தப் பெண்.

"என்ன கேள்வி?"

"தெரியவில்லையே. நான் கணினிப் பிரிவு."

மடிக்கணினியை மூடிவிட்டு வெளியே வந்தேன். அட்டெண்டர் எழுந்து நின்றார்.

"ஆயிடுச்சுங்களா மேடம்? சத்தமே கேக்கலீங்களே?"

என்னிடம் கேள்வி கேட்க இரண்டு பேர் காத்திருந்தார்கள் என்று அவரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

"ஆயிடுச்சுங்க, பூட்டிக்கோங்க" என்றேன்.