அம்மாவிடம் பேச மொழியில்லாமல் செய்தார்கள்

அமீரகத்தின் அஜ்மானில் எங்கள் பள்ளியின் மருத்துவ அறையைத் திறந்துகொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து சிஸ்டரின் மகள் அனுப்பியிருந்தாள்: "அம்மா நேற்று போய்விட்டார்." எங்களுடைய தலைமை நர்ஸாக இருந்தவர். இறந்தவரின் பெயரைச் சில காலம் சொல்வதில்லை என்பது அவருடைய இனத்தாரின் வழக்கம். ஆகவே, நாங்கள் கூப்பிட்டபடியே 'சிஸ்டர்' என்று எழுதுகிறேன்.

அந்நாட்டின் பூர்வகுடிப் பெண் அவர். ஐந்து வயதில் அரசாங்க வண்டி வந்து அவரைத் தூக்கிப்போனது. பூர்வகுடிக் குழந்தைகளைப் பிரித்து வெள்ளைக்காரர் முறையில் வளர்ப்பதற்காம்; எல்லாம் சட்டப்படி. அம்மா உயிரோடு இருந்தார், வண்டிக்குப் பின்னால் ஓடிவந்தார். கொண்டுபோய் வைத்த விடுதியில் பெயரை மாற்றினார்கள். தாய்மொழியில் பேசினால் வாயில் சோப்பைத் தேய்த்தார்கள். "உன் அம்மா செத்துவிட்டாள்" என்று கூசாமல் பொய் சொன்னார்கள்.

இவ்வளவும் எனக்குத் தெரியவந்தது ஒரு சிறுமியால். இரண்டாம் வகுப்பு. "வயிறு வலிக்குது ஆன்ட்டி" என்று அழுதுகொண்டே வந்தாள். கழுத்தில் ஓர் அட்டை: 'நான் ஆங்கிலத்தில் மட்டுமே பேசுவேன்.' வகுப்பில் தமிழ் பேசியதற்குத் தண்டனை. சிஸ்டர் அட்டையைக் கழற்றினார். குழந்தையைப் படுக்கவைத்துவிட்டு எதிரிலிருந்த முதல்வர் அறைக்குப் போனார். ஒவ்வொரு சொல்லும் என் காதில் விழுந்தது.

"பிள்ளைங்க நல்லதுக்குத்தான் சிஸ்டர். பேரன்ட்ஸே கேக்கறாங்க."

"எங்களைத் தூக்கிப்போனவர்களும் இதையேதான் சொன்னார்கள். வலிக்கிறது என்று சொல்ல இந்தக் குழந்தை உங்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா?"

மறுநாளே அட்டைகள் மறைந்தன. ஆனால் சிறுமியின் அப்பா, கோயம்புத்தூர்க்காரர், என்னிடம் சலித்துக்கொண்டார்: "இங்கிலீஷ் வரட்டும்னுதானுங்க இங்க சேர்த்தோம். அந்தம்மாவுக்கு எதுக்குங்க இந்த வேலை?" எனக்கு இன்னும் ஆறவில்லை. சிஸ்டரைப் போன்றவர்களிடமிருந்து அடித்துப் பிடுங்கிய தாய்மொழியை நாம் ஃபீஸ் கட்டி ஒப்படைக்கிறோம்.

அந்த ஆண்டோடு சிஸ்டரின் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. கேட்டதற்கு, "வயசாயிடுச்சுல்ல" என்றார்கள்.

கிளம்புவதற்கு முன் ஒருநாள், அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்த கதையைச் சொன்னார். அப்போது சிஸ்டருக்கு நாற்பது தாண்டியிருந்தது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இவருக்குத் தாய்மொழியில் ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. சித்தி மகள் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாராம்.

"என் அம்மா கேட்ட முதல் கேள்வியை இன்னொருத்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்."

"என்ன கேட்டாங்க சிஸ்டர்?"

"சாப்பிட்டியா என்று."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அரசாங்கம் மன்னிப்புக் கேட்டுச்சே?" என்றேன்.

"கேட்டார்கள். ஆங்கிலத்தில். என் அம்மாவுக்குப் புரியவில்லை."

சிஸ்டர் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார் என்று மகள் எழுதியிருக்கிறாள். இருக்கட்டும். எனக்கு அவரிடமிருந்து தங்கியிருப்பது அமைதி அல்ல, அவருடைய கோபம். பழையதை மறந்துவிடச் சொல்லும் யாருக்காகவும் அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை.